மைக்ரோவேவில் ரியாக்‌ஷன் போடுவது: வாட்டை விட்டு வெப்பநிலையைப் பிடியுங்கள்

மாலை ஐந்து மணிக்கு ரீஃப்ளக்ஸ் போட்டுவிட்டு, கண்டென்சருக்குப் போகும் தண்ணீர் இரவில் நின்றுவிடக் கூடாதே என்ற கவலையோடு வீட்டுக்குக் கிளம்பாத ஆராய்ச்சி மாணவர் யாரும் இருக்க மாட்டார். அதே ரியாக்‌ஷன் மைக்ரோவேவ் கருவியில் பத்து நிமிடத்தில் முடிந்தால், நுண்ணலை மூலக்கூறுக்குள் புகுந்து ஏதோ வித்தை செய்வதாகத்தான் முதலில் தோன்றும். பெரும்பாலான கரிம வினைகளில் அப்படி ஒரு வித்தையும் நடப்பதில்லை. வேகம் முழுக்க வெப்பநிலையிலிருந்து வருகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் கருவியை ஓட்டுவது எளிது. பிடிக்காவிட்டால் வாட்டையும் நிமிடத்தையும் மாற்றி மாற்றிப் போட்டு வாரக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கிறது. திறந்த ஃப்ளாஸ்க்கில் எவ்வளவு சூடு கொடுத்தாலும் அதற்கு மேல் ஏறாது. கொடுக்கிற சூடெல்லாம் ஆவியாகிக் கண்டென்சரில்தான் போய்ச் சேரும். மூடியிட்டு இறுக்கிய தடித்த கண்ணாடிக் குழாயில் அதே எத்தனாலை 150 டிகிரிக்குக் கொண்டுபோகலாம். குழாய்க்குள் அழுத்தம் ஏறத்தாழ 10 பார் இருக்கும். குக்கரில் பருப்பு சீக்கிரம் வேகிற அதே சங்கதிதான், அழுத்தம்தான் இங்கே பல மடங்கு.

இது வேகத்தை எவ்வளவு கூட்டும்? பத்து டிகிரி ஏறினால் வேகம் இரட்டிப்பாகும் என்ற முரட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 80 டிகிரியில் எட்டு மணி நேரம் ஓடும் வினையை 150 டிகிரிக்கு ஏற்றினால் ஏழு தடவை இரட்டிப்பு, அதாவது 128 மடங்கு. எட்டு மணி நேரம் நான்கு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அர்ஹீனியஸ் சமன்பாட்டைக் கொண்டு இன்னும் ஒழுங்காகப் போடலாம். கிளர்வு ஆற்றல் மோலுக்கு 100 கிலோஜூல் உள்ள ஒரு முதல் வகை வினை 77 டிகிரியில் 90 சதவீதம் முடிய 13 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்று வையுங்கள். 127 டிகிரியில் அதற்கு 11 நிமிடம் போதும், 177 டிகிரியில் 23 விநாடி. இந்தக் கணக்கில் நுண்ணலை என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் ஆயில் பாத்தில் சீல்டு டியூபை வைத்தாலே போதுமே? போதும், வேலை நடக்கும். ஆனால் எண்ணெய் 160 டிகிரிக்கு ஏற அரை மணி நேரம், இறங்க இன்னும் அதிக நேரம். உள்ளே என்ன அழுத்தம் என்று தெரியாது. வெடித்தால் தடுக்கவும் ஒன்றும் கிடையாது. மைக்ரோவேவ் கருவி ஒன்றிரண்டு நிமிடத்தில் சூடேற்றி, சொன்ன வெப்பநிலையில் நிறுத்தி, நேரம் முடிந்ததும் அழுத்தக் காற்றை ஊதிக் குளிர்வித்துவிடுகிறது. வெப்பநிலை, அழுத்தம், சக்தி மூன்றையும் விநாடிக்கு விநாடி வரைபடமாகவும் காட்டுகிறது. கருவிக்குக் கொடுக்கும் காசு இந்த வசதிக்குத்தான்.

எது சூடேறும், எது ஏறாது

வீட்டு அவனும் ஆய்வகக் கருவியும் இயங்குவது ஒரே 2.45 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில்தான். அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். இந்த அலையின் ஃபோட்டான்களை மோல் கணக்கில் கூட்டினாலும் ஆற்றல் ஒரு ஜூலைத்தான் தொடும். ஒரு கார்பன்-கார்பன் பிணைப்பை உடைக்க மோலுக்கு முந்நூறு கிலோஜூலுக்கு மேல் வேண்டும். ஆகவே நுண்ணலை பிணைப்பை நேரடியாக உடைக்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மாறிக்கொண்டே இருக்கும் மின்புலத்தைப் பின்தொடர்ந்து திரும்பப் பார்க்கும் இருமுனை மூலக்கூறுகள், திரும்பி முடிப்பதற்குள் புலம் மாறிவிடுவதால் பின்தங்குகின்றன. அந்த இழுபறியில் ஆற்றல் வெப்பமாகிறது. கரைசலில் அயனிகள் இருந்தால் அவையும் முன்னும் பின்னும் ஓடி மோதிச் சூடாக்கும். இது இருமுனைச் சூட்டைவிட வலுவானது. துளி உப்பு சேர்த்தால் கரைசல் சட்டென்று சூடேறுவது அதனால்தான்.

ஒரு கரைப்பான் நுண்ணலையை எவ்வளவு நன்றாக வெப்பமாக்கும் என்பதைக் காட்டும் எண் டேன் டெல்டா. அறை வெப்பநிலையில் எத்திலீன் கிளைக்காலுக்கு 1.35, எத்தனாலுக்கு 0.94, டிஎம்எஸ்ஓவுக்கு 0.83, மெத்தனாலுக்கு 0.66. இவை கண் மூடித் திறப்பதற்குள் சூடேறும். டிஎம்எஃப் 0.16, தண்ணீர் 0.12, அசிட்டோநைட்ரைல் 0.06. இவை நடுத்தரம். டிஎச்எஃப், டைகுளோரோமீத்தேன், டொலுயீன் எல்லாம் 0.05க்குக் கீழே. ஹெக்சேன் 0.02. முனைவுத்தன்மை அதிகமுள்ள தண்ணீர் எத்தனாலைவிட இவ்வளவு பின்தங்கியிருப்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். முனைவுத்தன்மை மட்டும் போதாது. மூலக்கூறு திரும்பும் வேகத்துக்கும் அலையின் வேகத்துக்கும் உள்ள பொருத்தமும் வேண்டும். தண்ணீர் மூலக்கூறு இந்த அலைக்கு மிக வேகமாகத் திரும்பிவிடுகிறது. சூடேற ஏற இன்னும் வேகமாகத் திரும்பும். அதனால் 200 டிகிரியை நெருங்கும்போது தூய தண்ணீரைச் சூடேற்றவே கருவி திணறும்.

டொலுயீனில்தான் ஓட வேண்டும் என்றால் வழி இருக்கிறது. வினைப்பொருள்களில் ஏதாவது அயனியோ முனைவுள்ள பொருளோ இருந்தால் பெரும்பாலும் அதுவே சூடேற்றிவிடும். இல்லையென்றால் சிலிக்கான் கார்பைடால் செய்த சிறு உருளை ஒன்றைக் குழாய்க்குள் போடுங்கள். அது நுண்ணலையை உறிஞ்சித் தானும் சூடாகிக் கரைப்பானையும் சூடாக்கும். வினையில் கலக்காது. அயனித் திரவம் சேர்க்கும் பழக்கமும் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை, பிறகு பிரித்தெடுக்கும்போது தலைவலி.

நாற்பதாண்டு வழக்கு

கரிம வினைகளுக்கு மைக்ரோவேவைப் பயன்படுத்தலாம் என்ற செய்தி 1986இல் இரண்டு ஆய்வுக்கட்டுரைகளாக வந்தது. ஒன்று கனடாவிலிருந்து ரிச்சர்ட் கெடி குழுவினருடையது, இன்னொன்று அமெரிக்காவிலிருந்து ரேமண்ட் கிகரே, ஜார்ஜ் மாஜெடிச் குழுவினருடையது. இரண்டும் டெட்ராஹெட்ரான் லெட்டர்ஸ் இதழில் வெளியாயின. இருவரும் பயன்படுத்தியது சமையலறை அவன். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகள் அதுதான் வழக்கமாக இருந்தது. மூடிய குழாய்கள் அவனுக்குள் வெடித்ததும் உண்டு. அதைத் தவிர்க்க நியூஜெர்சியில் ஸ்டீவன்ஸ் கல்லூரியிலிருந்த அஜய் போஸ், கொதிநிலை அதிகமுள்ள முனைவுக் கரைப்பானைத் திறந்த கூம்புக் குடுவையில் எடுத்து, கொதிக்கவிடாமல் சூடாக்கும் முறையைக் கொண்டுவந்தார்.

அக்காலக் கட்டுரைகளில் வெப்பநிலை என்ற எண்ணே பெரும்பாலும் இருக்காது. ‘600 வாட், நான்கு நிமிடம்’ என்று மட்டும் இருக்கும். வாட் என்பது கருவி அனுப்பிய சக்தி. அதில் குழாய்க்குள் எவ்வளவு போய்ச் சேர்ந்தது, உள்ளே என்ன வெப்பநிலை இருந்தது என்பதெல்லாம் அந்த எண்ணிலிருந்து தெரியாது. வெப்பநிலை தெரியாதபோது எந்த வேகத்தையும் நுண்ணலையின் தனி மகிமை என்று சொல்லிவிடலாம். பலர் சொன்னார்கள்.

அந்தப் பேச்சுக்கு முட்டுக்கட்டை போட்டவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரியாவில் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆலிவர் கப்பே. பிஜினெல்லி வினை மைக்ரோவேவில் தனிவேகம் பெறுகிறது என்ற கருத்தை அவர் குழு 2000இல் சோதித்தது. ஒரே வெப்பநிலையில் வைத்தால் ஆயில் பாத்துக்கும் மைக்ரோவேவுக்கும் வித்தியாசம் இல்லை. அவனில் திறந்த குடுவையில் கிடைத்த அதிக ஈல்டுக்குக் காரணம் வேறு. கரைப்பான் மளமளவென்று ஆவியாகிப்போய், வினைப்பொருள்கள் கரைப்பானே இல்லாத நிலையில் செறிந்து வினைபுரிந்தன. ஆயில் பாத்திலும் கரைப்பானை ஆவியாகவிட்டால் அதே பலன் வந்தது.

2009இல் அதே குழு இன்னொரு சோதனை செய்தது. சிலிக்கான் கார்பைடாலேயே குழாய் செய்து அதில் வினைகளை நடத்தியது. அந்தச் சுவர் நுண்ணலை முழுவதையும் தானே உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே இருக்கும் கரைசலுக்கு அலை போகாது, சூடு மட்டுமே போகும். அதே கருவி, அதே வெப்பநிலை ஏற்றம், அதே நேரம். பல வகை வினைகளில் கண்ணாடிக் குழாயிலும் கார்பைடு குழாயிலும் முடிவு ஒன்றாகவே இருந்தது. திண்ம வினையூக்கியின் துகள் மட்டும் சுற்றியுள்ள கரைசலைவிட அதிகம் சூடாவது, மெக்னீசியம் சீவலில் பொறி பறப்பது போன்ற விதிவிலக்குகள் இருக்கின்றன. அவை தனி அத்தியாயத்துக்குரியவை.

ஒரு வினையைக் கையோடு செய்து பார்ப்போம்

வழக்கில் அடிபட்ட பிஜினெல்லியையே எடுத்துக்கொள்வோம். ஆல்டிஹைடு, அசிட்டோஅசிட்டிக் எஸ்டர், யூரியா மூன்றும் அமிலத்தின் முன்னிலையில் சேர்ந்து டைஹைட்ரோபிரிமிடினோன் தரும் வினை இது. பியத்ரோ பிஜினெல்லி 1890களில் சொன்னது. நூறாண்டு தூங்கிக் கிடந்த பின் மருந்து வேதியியல் அதைத் தூசி தட்டி எடுத்தது. செல் பிரிவைத் தடுக்கும் மோனாஸ்ட்ரால் இந்தக் குடும்பம்தான். எத்தனாலில் அமிலம் சேர்த்து ரீஃப்ளக்ஸ் செய்தால் இரவு முழுக்க ஓட வேண்டும்.

பத்து மில்லி லிட்டர் குழாயில் காந்தக் குச்சியைப் போட்டு, யூரியா 240 மில்லிகிராம், இட்டெர்பியம் ட்ரைஃப்ளேட் 248 மில்லிகிராம் எடுங்கள். பென்சால்டிஹைடு 424 மில்லிகிராமும் எத்தில் அசிட்டோஅசிட்டேட் 520 மில்லிகிராமும் சேருங்கள். முதன்மைப் பொருள்கள் மூன்றும் 4 மில்லிமோல், வினையூக்கி அதில் பத்து சதவீதம். கரைப்பானாக அசிட்டிக் அமிலமும் எத்தனாலும் மூன்றுக்கு ஒன்று விகிதத்தில் 2 மில்லி லிட்டர். பென்சால்டிஹைடு பாட்டில் பழையதென்றால் முதலில் வடித்தெடுங்கள். கழுத்தில் வெள்ளைப் படிவம் இருந்தால் அது பென்சாயிக் அமிலம்.

மூடும் முன் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பில் கீறலோ சில்லு பெயர்ந்த தடமோ இருந்தால் குப்பையில் போடுங்கள், இரக்கம் வேண்டாம். வெளிச்சுவரில் விரல்ரேகையோ பிசுக்கோ இருந்தால் துடையுங்கள். வெப்பநிலையை அளக்கும் அகச்சிவப்பு சென்சார் அந்தச் சுவரைத்தான் பார்க்கிறது. குழாய் முக்கால் பாகத்துக்கு மேல் நிரம்பக் கூடாது, சூடேறும் திரவம் விரிய இடம் வேண்டும். கருவி சொல்லும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழேயும் போகக் கூடாது. மட்டம் கீழே இருந்தால் சென்சார் வெறும் கண்ணாடியைப் படித்துக்கொண்டிருக்கும்.

மூடுவதற்கு முன் அறை வெப்பநிலையில் ஒரு நிமிடம் கலக்கிவிடுங்கள். யூரியா அடியில் கட்டியாக உட்கார்ந்திருக்கக் கூடாது. காந்தக் குச்சி சுற்றாத குழாயில் மேலே ஒரு வெப்பநிலை, கீழே ஒரு வெப்பநிலை என்று இருக்கும். கருவியில் 120 டிகிரி, 10 நிமிடம் என்று அமைத்து, அதிகபட்ச சக்திக்கு ஒரு வரம்பு போடுங்கள். கப்பே குழு 2001இல் இதே வினையூக்கி, கரைப்பான், வெப்பநிலை, நேரத்தில் தானியங்கிக் கருவியைக் கொண்டு 12 மணி நேரத்தில் 48 டைஹைட்ரோபிரிமிடின்களைத் தயாரித்துக் காட்டியது.

இனி வரைபடத்தைப் பாருங்கள். பலரும் ஸ்டார்ட்டை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். முதல் தடவையாக ஓடும் வினையில் அது கூடாது. சக்திக் கோடு முதலில் உயர்ந்து, 120ஐத் தொட்டதும் சரிந்து, தாழ்ந்த மட்டத்தில் சிறு அலைகளாக ஓட வேண்டும். அழுத்தக் கோடு வெப்பநிலையோடு சேர்ந்தே ஏறி, அது நின்றதும் தானும் நிற்க வேண்டும். இந்தக் கலவையில் அது சில பார்தான் இருக்கும். வெப்பநிலை அசையாமல் நிற்க அழுத்தம் மட்டும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் உள்ளே வாயு உண்டாகிறது என்று பொருள். இந்த வினையில் அது யூரியா சிதைவதன் அடையாளம். வரும் அம்மோனியா ஆல்டிஹைடோடும் எஸ்டரோடும் சேர்ந்து ஹான்ச் டைஹைட்ரோபிரிடினைக் கொடுத்துவிடும். டிஎல்சியில் கூடுதலாக ஒரு புள்ளி தெரியும். 150 டிகிரிக்கு ஏற்றினால் இரண்டே நிமிடத்தில் முடியுமே என்று ஆசைப்படுபவர்கள் அந்தப் புள்ளியைச் சந்திப்பார்கள்.

நேரம் முடிந்து குளிர்ந்து 50 டிகிரிக்குக் கீழே வந்தபின், அழுத்தமும் இறங்கிவிட்டதா என்று பார்த்துத் திறக்கவும். பல தடவை குழாயிலேயே வெள்ளைத் திண்மம் இறங்கியிருக்கும். குளிர்ந்த தண்ணீரில் கொட்டிக் கலக்கி வடிகட்டி, எத்தனாலில் மறுபடிகமாக்குங்கள். முழுதும் மாறினால் கிடைக்கக்கூடியது 1.04 கிராம். உருகுநிலை 202 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும்.

உங்கள் வினையை மாற்றும்போது

ரீஃப்ளக்ஸ் செய்முறை ஒன்றை மாற்ற, கரைப்பானின் கொதிநிலையைவிட 40 முதல் 60 டிகிரி மேலே, 10 நிமிடம் என்று தொடங்குங்கள். டிஎல்சி பாருங்கள். தொடக்கப் பொருள் மிச்சமிருந்து வேறு எதுவும் உருவாகவில்லை என்றால் 20 டிகிரி ஏற்றுங்கள், நேரத்தை அல்ல. புதிய புள்ளிகள் கூட்டமாக வந்தால் 20 டிகிரி இறக்கி நேரத்தைக் கூட்டுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டியும் நகராத வினை இரண்டு மணி நேரத்தில் நகர்வது அபூர்வம். வினையூக்கியையோ கரைப்பானையோ மாற்றிப் பாருங்கள்.

சென்சாரை அளவோடு நம்புங்கள். அது படிப்பது குழாயின் வெளிச்சுவர். வினை தானே வெப்பம் உமிழ்ந்தால் உள்ளே வெகுவாக ஏறிவிட்ட பிறகே வெளியே தெரியும். சூடேற்றும்போதே குழாயின் மேல் குளிர்காற்றை ஊதும் வசதி சில கருவிகளில் உண்டு. அதிக சக்தி செலுத்த முடிவதால் வினை வேகமாகிறது என்று அதைப் பலரும் புகழ்ந்தார்கள். ஊதும்போது வெளிச்சுவர் குளிர்ந்திருக்கும், உள்ளே இருக்கும் கரைசல் காட்டும் எண்ணைவிடப் பல டிகிரி அதிகச் சூட்டில் இருக்கும். தனி மகிமை என்று எழுதப்பட்டவற்றில் சில இந்தப் பிழையில் பிறந்தவை. முக்கியமான வினைக்கு ஃபைபர் ஆப்டிக் வெப்பமானியை உள்ளேயே விடும் வசதி இருந்தால் அதைத் தவறாமல் பயன்படுத்துங்கள்.

கரைப்பான்களில் இரண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிஎம்எஃப் அதிக வெப்பநிலையில், குறிப்பாகக் காரமோ அமிலமோ கூட இருந்தால், டைமெத்திலமீனும் கார்பன் மோனாக்சைடுமாகச் சிதையும். வினையில் நகரத் தயாராக இருக்கும் குளோரின் ஒன்று இருந்தால், நீங்கள் போடாத டைமெத்திலமைனோ தொகுதி அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். புரோட்டான் என்எம்ஆரில் 3 பிபிஎம் பக்கம் ஆறு ஹைட்ரஜனுக்கான ஒற்றைக் கோடு புதிதாக நின்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். டிஎம்எஸ்ஓ இதைவிட ஆபத்தானது. கொதிநிலையை ஒட்டிய வெப்பநிலையில் வெப்பம் உமிழ்ந்து சிதையக்கூடியது, அமிலமும் ஹாலைடுகளும் அதைத் தூண்டும். மூடிய குழாயில் 150 டிகிரிக்கு மேல் கொண்டுபோகாமல் இருப்பதே என் வழக்கம்.

அசைடு, டயசோ, பெராக்சைடு, நைட்ரோ தொகுதிகள் அடர்ந்த சேர்மங்கள் ஆகியவற்றை மூடிய குழாயில் வைக்கும் முன் வழிகாட்டியிடம் பேசுங்கள். சோடியம் அசைடையும் டைகுளோரோமீத்தேனையும் ஒரே குழாயில் சேர்க்கவே கூடாது. கார்பன் டையாக்சைடு வெளிவரும் வினைகளில் எத்தனை மில்லிமோல் வாயு வரும், மேலே எவ்வளவு காலி இடம் இருக்கிறது என்று முன்கூட்டியே கணக்கிடுங்கள். அந்த அழுத்தம் குளிர்ந்த பின்னும் இறங்காது. புகைபோக்கி அறைக்குள் ஊசியால் செப்டத்தைக் குத்தி மெல்ல வெளியேற்ற வேண்டும். பலேடியம்-கார்பன் தூளை எடைபோட்டுக் கொட்டும்போது குழாயின் மேல்சுவரில் ஒட்டிக்கொண்டால் கரைப்பானால் கழுவிக் கீழே இறக்கிவிடுங்கள். உலர்ந்த உலோகத்தூள் நுண்ணலையில் அந்த ஒரு புள்ளியைக் கண்ணாடி உருகும் அளவுக்குச் சூடாக்கும்.

சமையலறை அவன் பற்றி இப்போதும் கேட்கிறார்கள், விலை குறைவு என்பதால். அதில் வெப்பநிலை அளக்க வழியில்லை, கலக்க வழியில்லை, கரைப்பான் ஆவி தீப்பற்றினால் தாங்காது. ஐம்பது சதவீத சக்தி என்று அமைத்தால் பெரும்பாலான அவன்களில் பாதி நேரம் முழுச் சக்தியில் ஓடி மீதி நேரம் அணைந்திருக்கும், அவ்வளவே. அதில் செய்த வேலையை ஏற்க மாட்டோம் என்று சில முன்னணி இதழ்கள் சொல்லிவிட்டன. வாங்க வேண்டாம்.

மைக்ரோவேவ் என்றாலே பசுமை வேதியியல் என்று முன்னுரையில் எழுதும் பழக்கமும் இருக்கிறது. மின்சாரத்தை நுண்ணலையாக மாற்றுவதிலேயே மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது, குழாய் அந்த அலை முழுவதையும் உறிஞ்சுவதுமில்லை. மிச்சமாவது நேரம். கண்டென்சரில் இரவெல்லாம் ஓடும் தண்ணீரும் மிச்சம். அதை மட்டும் எழுதுங்கள்.

செய்முறைப் பகுதியில் இன்ன கருவி, மூடிய குழாய், குழாயின் அளவு, எத்தனை டிகிரி, அந்த வெப்பநிலையை அடைந்த பின் எத்தனை நிமிடம், வெப்பநிலை எந்த முறையில் அளக்கப்பட்டது, அதிகபட்ச அழுத்தம் எவ்வளவு என்று எழுதுங்கள். வாட்டைக் கடைசியில் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு கிராம் கிடைத்த பின் நூறு கிராம் வேண்டும் என்ற கேள்வி வரும். பெரிய பாத்திரத்துக்கு மாற்றினால் நடக்காது. தண்ணீர் போன்ற கரைப்பானில் நுண்ணலை ஓரிரு சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடும். அதற்கு அப்பால் இருக்கும் திரவம் சாதாரணக் கடத்தலாலும் கலக்கலாலும்தான் சூடேறும். பத்து இருபது குழாய்களைத் தானியங்கியில் வரிசையாக ஓட்டுவது ஒரு வழி. அதற்கு மேல் வேண்டுமானால், நீங்கள் கண்டுபிடித்த வெப்பநிலையையும் நேரத்தையும் எடுத்துக்கொண்டு, ஆயில் சுற்றும் மெல்லிய எஃகுச் சுருளில் கரைசலை அழுத்தத்தோடு ஓட்டும் ஃப்ளோ ரியாக்டருக்குப் போய்விடுங்கள். 120 டிகிரி, 10 நிமிடம் என்று மைக்ரோவேவில் கண்டதை அங்கே அதே 120 டிகிரி, சுருளுக்குள் 10 நிமிடத் தங்கல் என்று வைத்துத் தொடங்கலாம். பிஜினெல்லியில் மட்டும் பொருள் சுருளுக்குள்ளேயே திண்மமாக இறங்கி அடைத்துக்கொள்ளும். ஆகவே அதற்குக் கரைசலை நீர்க்கச் செய்து, வெளியேறும் முனை வரை சூடு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.